பாரிஸ் ஆசிரியரும் முத்துக்குளித்துறைச் சிறுவரும்

டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். தமிழ்நாட்டில் கத்தோலிக்கர் வாழும் எந்த ஊருக்குச் சென்றாலும் அவர் பெயரைத் தாங்கிய ஒருவரையாவது காணலாம். சேவியர், சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்று அப்பெயர் நம் வீடுகளில் பல உருவம் எடுத்திருக்கிறது. கையில் பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திப் பிடித்து நிற்கும் அவர் படத்தை நாம் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். அவர் செய்த புதுமைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் ஒரு கல்லூரி ஆசிரியராக இருந்தவர் என்பதை நம் மாணவியரில் எத்தனை பேர் அறிவர்? இந்த ஆண்டு மலரில் அந்த ஆசிரியரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அதற்குக் காரணம் நம் மலைமேல் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மேல் வகுப்பு மாணவியரோடு கல்வராயன் மலைக்கு ஐந்து நாள் தொண்டு முகாம் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வெள்ளிமலையையும் கடந்து ஒரு சிற்றூரில் தங்கினோம். கரும்பலகை, படங்கள், வண்ணச் சுண்ணாம்புக்கட்டிகள், மருந்துப் பெட்டி, எல்லாவற்றையும் மறவாமல் கொண்டு போயிருந்தோம். முதல் நாள் மாலை, வகுப்பில் முதலிடம் பெறும் மாணவி ஒருத்தி சத்துணவு பற்றி அழகாகப் பேசினாள். எந்தக் கீரையில் எந்த உயிர்ச்சத்து என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சாமையும் மரவள்ளியும் விளைவித்து உண்ணும் அம்மக்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பாட்டியம்மா ஒருவர் எழுந்து வந்து, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டார். அவள் பெயர் என்ன, யார் வீட்டுப் பெண், தாய் தகப்பன் நலமா என்றும் விசாரித்தார். அவள் எல்லாவற்றுக்கும் விடை சொன்னாள். சொல்லிவிட்டுத் தலைகுனிந்தாள். ஏனெனில் அந்தப் பாட்டியின் பெயரை அவளும் கேட்கவில்லை; நாமும் கேட்கவில்லை. காலை முதல் மாலை வரை அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருந்திருக்கிறோம்!

மறுநாள் அவள் தன் படங்களை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டு வீடு வீடாகப் பெயர் கேட்டு வந்தாள். பாட்டியின் பெயரை அவர் வீட்டுக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டினாள். நாம் இறங்கி வரும் நாள்வரை அந்த எழுத்தைத் துடைக்கப் பாட்டி யாரையும் விடவில்லை.

மலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சவேரியாரே நம் நினைவில் இருந்தார். ஏன் என்பதை அவர் வாழ்க்கையே சொல்லும்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் அன்று தனி அரசாக விளங்கிய நவார் நாட்டில், சவியேர் என்ற கோட்டையில் பிரான்சிஸ் பிறந்தார். அக்கோட்டையின் பெயரே நம் நாவில் சவேரியார் ஆயிற்று. தந்தை ஹுவான் தெ ஹாசோ சட்டம் கற்ற அறிஞர். அரசரின் ஆலோசனைச் சபைக்குத் தலைவர். இக்குடும்பத்துக்கு வந்த கேடு சாதாரணமானதன்று. 1512-இல் நவார் நாடு பகைவர் கைப்பட்டது. 1515-இல் தந்தை இறந்தார். 1516-இல் வெற்றி பெற்றவர்களின் ஆணையால் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. தான் பிறந்த வீடு கண்முன்னே இடிபடுவதைக் கண்டபோது பிரான்சிசுக்கு வயது பத்து. அண்ணன்மார் வாளெடுத்துப் போரிட்டனர். தம்பியோ புத்தகத்தை எடுத்தார். 1525-இல் பாரிஸ் பல்கலைக்கழகம் சென்று சாந்த் பார்ப் கல்லூரியில் சேர்ந்தார்.

அறிவுத் தாகம் ஒன்றே அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. நொடித்துப்போன குடும்பத்தின் பெயரை மீண்டும் நிலைநிறுத்த வேண்டும், திருச்சபையில் வருமானம் உள்ள நல்ல பதவி ஒன்றைப் பெற வேண்டும் என்பதே அவர் எண்ணம். இதைக் கேட்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இன்று நம் வீடுகளில் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர் மனத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதானே. பாரிசில் படிக்க வைக்கும் செலவு தாங்காமல் வீட்டார் அவரைத் திருப்பி அழைக்க எண்ணியதாகவும், காந்தியா நகரில் கிளாரம்மாள் சபைக் கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்த அவர் தமக்கை மகதலேனா அதைத் தடுத்து எழுதியதாகவும் சொல்வர். அந்த அக்காள் மட்டும் பேசாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பீட்டர் பேபர். ஆடு மேய்த்து வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. 1529-இல் அந்த அறைக்கு மூன்றாம் ஆள் ஒருவர் வந்தார். வயது நாற்பதை நெருங்குகிறது. போரில் காயம்பட்ட கால் சற்று நொண்டும். பிச்சை எடுத்துப் படிப்புச் செலவைச் சமாளிப்பவர். அவரே இஞ்ஞாசியார். பேபர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரிடமிருந்து ஞானவாழ்வைக் கற்றுக்கொண்டார். பிரான்சிசோ அந்த மனிதரைக் கண்டு நகைத்தார். அப்போது அவருக்கு நல்ல காலம். 1530-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பொவே என்ற கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஓட்டம், தாண்டுதல் போன்ற விளையாட்டுக்களிலும் வல்லவர். தாம் உயர்குடிப் பிறந்தவர் என்பதற்குச் சான்றுப் பத்திரம் வேண்டி 1531-இல் ஊருக்கு எழுதினார். பாம்பலோனா பேராலயத்தில் பதவி பெற அது தேவை.

இஞ்ஞாசியார் அவரோடு வாதாடவில்லை என்பதே நமக்கு வியப்பாக இருக்கிறது. புதிய ஆசிரியரின் வகுப்புக்கு மாணவர் வேண்டும் அல்லவா? இஞ்ஞாசியார் மாணவரைச் சேர்த்துவிட்டார். கையில் காசு இல்லாதபோது காசு கொண்டுவந்து கொடுத்தார். உலகம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டாலும் தன்னை இழப்பவனுக்குப் பயன் என்ன என்ற சுவிசேஷக் கேள்வியை அவர் அடிக்கடி பிரான்சிசின் காதில் போட்டார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. போட்டிருக்கலாம். ஆனால் இடைஞ்சலில் உதவியவர் வாயிலிருந்து வந்ததால்தான் அது தைத்தது என்று நாம் கருதுகிறோம்.

1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு நண்பர்கள் ஏழ்மையும் கற்பும் நேர்ந்துகொண்டனர். பிரான்சிஸ் அவர்களுள் ஒருவர். 1536-இல் அவர் கேட்டிருந்த உயர்குடிச் சான்றிதழ் ஒருவாறு கிடைத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இப்போதோ அதைப் பயன்படுத்த அவருக்கு மனமில்லை. அவ்வாண்டு நவம்பரில் நண்பர்களோடு பாரிசைவிட்டு இத்தாலிக்குக் கால்நடையாகக் கிளம்பினார். வெனிஸ் நகரில், தீராத நோயாளருக்கென்றே இருந்த மருத்துவமனையில் புண் கழுவினார், படுக்கை விரித்தார், இறந்தோருக்குக் குழி தோண்டினார். 1537 ஜூன் 24-ஆம் நாள் அங்கேயே குருப்பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததும் எதிர்பாராததே. போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜான் கேட்டபடி அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொபதில்லா என்ற வேறொரு தோழர். அவர் நோயுற்றுப் படுத்துவிட்டார். அந்த இடத்துக்குச் சவேரியாரை இஞ்ஞாசியார் அழைத்தார். அழைத்த மறுநாளே, 1540 மார்ச்சில், சவேரியார் உரோமையை விட்டுப் புறப்பட்டார். இவ்விருவரும் இவ்வுலகில் மீண்டும் சந்திக்கவே இல்லை.

1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 35-ஆம் பிறந்த நாளன்று, லிஸ்பனில் கப்பலேறினார். பாப்பரசரின் தூதர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது. எனவே கப்பலில் ஏவல் செய்ய ஓர் ஆளை வைத்துக்கொள்ளும்படி அரண்மனைப் பிரபு ஒருவர் வற்புறுத்தினார். பாப்பரசரின் தூதர் கப்பல் தளத்தில் நின்று தம் துணியைத் தாமே துவைத்தால் மதிப்புக் கெடும் என்பது அவர் கவலை. இப்படிப்பட்ட மதிப்புத்தான் திருச்சபையைக் கெடுத்தது என்ற கருத்தில் சவேரியார் பதில் சொல்லி, ஆளை வேண்டாமென்றார். துணியைத் துவைத்தார், கப்பலில் நோயுற்றோருக்குக் கஞ்சி ஊட்டினார். பதின்மூன்று மாதப் பயணத்திற்குப் பின் 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார். அங்கே மருத்துவமனையில் தங்கிக்கொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டினார். பாரிஸ் ஆசிரியர் இப்படி மணியடித்துப் பிள்ளை பிடிக்கிறாரே என்று சிலர் சிரித்திருக்கவும் கூடும்.

அவ்வாண்டே அவர் தமிழ்க் கரைக்கு வந்தார். கன்னியாகுமரி தொடங்கி மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று நீளும் கரையில் முத்துக்குளித்துச் சங்கெடுத்து வாழ்ந்த பரதவ மக்கள், 1530-களில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். பகைவரிடமிருந்து காப்பாற்றப் போர்த்துக்கீசியரின் துணை தேவைப்பட்ட நேரம் அது. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுக் குருக்கள் போய்விட்டார்கள். கற்பிக்க ஆள் இல்லை. கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கேதான் நம் ஆசிரியரின் கல்வி முழுவதும் செல்லாக் காசாயிற்று. அரிஸ்டாட்டிலை வைத்துக்கொண்டு மணப்பாட்டில் என்ன செய்வது? அவர் தாய்மொழி பாஸ்கு. மக்களின் தாய்மொழி தமிழ். அவர் சொல்வது இவர்களுக்குப் புரியவில்லை. இவர்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. பின்னாளில் எழுந்த கதைகள், அவர் வாய் திறந்தாலே எல்லா மொழியும் சரளமாக வந்தது என்று கூறும். அவர் தம் கைப்பட எழுதிய கடிதங்களோ வேறு விதமாகச் சொல்கின்றன. நமக்கு அந்தக் கதைகளைவிடக் கடிதங்களே மேலாகத் தோன்றுகின்றன. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துத் தம்மோடு உட்கார வைத்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், பாவசங்கீர்த்தன மந்திரம் ஆகியவற்றை அவர்கள் உதவியால் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கினார். பிறகு அவற்றைப் பள்ளிச் சிறுவனைப் போல் நெட்டுருப் போட்டார்! பட்டம் பெற்று, பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னவர், முப்பத்தாறு வயதில், பொருள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வரிவரியாக மனப்பாடம் செய்கிறார். மனப்பாடப் பகுதியைக் கண்டு சலித்துக்கொள்ளும் நம் மாணவியர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நாள்தோறும் இருமுறை மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அச்சிறுவருக்கு இட்ட வேலை. நோயாளர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் தாம் ஒருவராக எல்லா இடத்துக்கும் போக முடியாது. எனவே தம் செபமாலையைச் சிறுவர் கையில் கொடுத்து அனுப்பினார். ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்ற பெயரால் உபதேசியாரை நியமித்தார். அவர்கள் சம்பளத்துக்கு வழி? முத்துக்குளித்துறை மக்கள் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4000 பணம் செலுத்தி வந்தனர். அதைப் பிள்ளைகளின் கல்விக்குத் திருப்பிவிடும்படி கேட்டுப் பெற்றார். விண்ணகத்துக்கு நடந்து போக அரசிக்கு இப்பிள்ளைகளைவிட நல்ல காலணி கிடையாது என்ற கருத்தில் அரசிக்கே எழுதினார் என்பர். அரசியின் பாதத்துக்குப் போன பணம் பரதவப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்தது!

மனப்பாடம் செய்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் நான் நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்ற பொருளில் ஒரு சொல் அமைந்துவிட்டது. அதையே ஊர் ஊராக, ஆயிரக்கணக்கானோர் வாயில் ஏற்றியும் விட்டார். 1544-இல் அவருக்கு இது தெரிய வந்தது. பெரிய படிப்பாளி ஒருவர் தாம் ஓராண்டுக்கு மேலாகக் கற்பித்தது தவறென்று அறிந்தால் என்ன செய்வார்? மூடி மறைக்கலாம். துபாசியின் மேல் பழி போடலாம். சவேரியார் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, வேணும் என்பதற்கு இன்ன பொருள், விசுவாசம் என்பதற்கு இன்ன பொருள் என்று விளக்கி, இனி இப்படியே சொல்லிக் கொடுக்கும்படி திருத்தினார். கடிதத்தில் வெட்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. திருத்தம் மட்டுமே இருக்கிறது. ஆசிரியர் தொழில் செய்யும் நமக்கு அவர் செய்த புதுமைகள் எல்லாவற்றையும்விட இது பெரிதாகப் படுகிறது.

இந்த மான்சிலாசைப் பற்றியும் ஒரு சொல். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. குருப்பட்டம் பெறுவதற்கே கல்வித் தகுதி போதவில்லை. ஆர்வமும் நற்குணமும் கல்வியைவிட மிகுதியாக உள்ளவர் என்று அவருக்காகப் பரிந்து எழுதித் தம்மோடு அழைத்து வந்தவர் சவேரியாரே. அவருக்கு எழுதிய கடிதங்களில் சவேரியார் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது, இம்மக்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், மோசமான பிள்ளையையும் நல்ல தகப்பன் பொறுத்துக்கொள்வதைப் போல என்பதே. கோபக்காரரான மான்சிலாசுக்கு அது தேவைப்பட்டது போலும். 1548-இல் கீழ்ப்படியாமைக்காக அவரைச் சபையிலிருந்து நீக்க நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

1544 ஜனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைத் தோழருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, முக்கியமாகத் தாம் படித்த பாரிசுக்குப் போய், பித்துப் பிடித்தவனைப் போல் கூவிக்கொண்டு திரிய வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாக அதில் எழுதியிருக்கிறார். கல்வி நிறைய உடையவராயும் அக்கல்வியைப் பிறர் நன்மைக்குத் தர மனமில்லாதவராயும் அங்கே இருப்பவர்களால் எத்தனை மக்கள் கைவிடப்படுகின்றனர் என்று சொல்லவே அந்தக் கூச்சல். கடவுள் தந்த அறிவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் போதுமே என்று ஏங்குகிறார். அந்தக் கூச்சலைப் படிக்கும்போது, அவர் திட்டுவது பழைய பிரான்சிசைத்தான் என்று தோன்றாமல் இல்லை. இக்கடிதம் ஐரோப்பாவில் அச்சாகிப் பலரை எழுப்பியது.

அவ்வாண்டு ஜூன் மாதம் கரையில் பேரிடி விழுந்தது. வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களில் புகுந்து கொள்ளையிட்டது. மக்கள் தோணிகளில் ஏறிக் கடல் நடுவே இருந்த பாறைகளில் ஒதுங்கினர். உண்ணச் சோறில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, தலைக்கு மேல் வெயில். பலர் அங்கேயே மடிந்தனர். சவேரியார் மணப்பாட்டில் இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு தாமே புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. பல நாள் போராடியும் தோணிகள் அந்தப் பாறைகளை அடையவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. நம் புண்ணியவான்களின் கதைகளில் இத்தகைய இடத்தில் காற்று அடங்கிவிடும். இங்கே அடங்கவில்லை. அவர் தரைவழியே நடந்து போனார். வழியில் தப்பியோடி வந்தவர்களை எதிர்கொண்டார். நடக்க முடியாத கிழவர், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள், செத்துக் கிடந்தவர் என்று தாம் கண்டதை எழுதியிருக்கிறார். அவர்களுக்கு ஊர்தோறும் பிச்சை திரட்டச் செய்தார்.

இந்தத் துயரத்துக்கு நடுவே கோஸ்மே தே பைவா என்பவரின் கதை வருகிறது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியத் தலைவர் அவர். படையெடுத்து வந்தவர்களுக்கே குதிரை விற்று ஆதாயம் தேடியவர். மக்களை வாட்டியவர். சவேரியாரின் கடிதங்களில் இவர்மேல் உள்ள சினம் வெளிப்படையாகவே தெரியும். செப்டம்பரில் நிலைமை மாறியது. பகைவர் பைவாவின் வீட்டையும் கப்பலையும் எரித்தனர். அவர் கையில் ஒன்றுமின்றிக் கடலோரத் தீவுகளுக்கு ஓடினார். செய்தி எட்டியதும் சவேரியார் செய்தது, உடனே தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்கு விரையும்படி மான்சிலாசுக்கும் ஊர்த்தலைவர்களுக்கும் அவசரக் கடிதம் எழுதியதே. தாமே போயிருப்பார். தம் முகத்தைக் கண்டால் பைவாவின் மனம் புண்படும், உதவியை ஏற்கத் தயங்குவார் என்று எண்ணியே பிறரை அனுப்பினார். பகைவனுக்கு உதவுவோர் உண்டு. உதவும்போது அவன் நாணாதபடி ஒதுங்கி நிற்போர் அரியர்.

சவேரியாரிடம் குறையே இல்லை என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. பிற சமயத்தாரைப் பற்றி அவர் எழுதிய சில சொற்கள் கடுமையானவை. கோவாவில் விசாரணை மன்றம் அமைக்கும்படி 1546-இல் அரசருக்கு எழுதினார். அவர் இறந்த பின் 1560-இல் அமைந்த அம்மன்றம் பலருக்குத் துன்பம் தந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிற சமயத்தாரை மதித்துப் பேசக் கற்பித்தபின் வளர்ந்தவர்கள் நாம். அவர் காலத்தின் கண்ணாடி அவர் கண்ணிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதால் அவர் சுமந்த தண்ணீர்ப் பானைகள் காலியாகிவிடா.

1544 இறுதியில் திருவாங்கூர்க் கரையில் முக்குவ மக்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார். எண்ணிக்கையைச் சொல்லி வியப்பவர்கள் ஒரு சிறு செய்தியை விட்டுவிடுகிறார்கள். அத்தனை பேரிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதி அவர் கையில் கொடுத்தார். கூட்டமாக வந்தவர்கள் தனித்தனி ஆட்களாகத் திரும்பினர். கை ஓய்ந்துபோகும் அந்த வேலைக்கு நடுவில் பத்தாயிரம் பெயர் எழுதுவதென்றால்! மலையிலிருந்து இறங்கும்போது நமக்கு நினைவு வந்தது இதுவே.

1545-இல் மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறை அருகே நான்கு மாதம் தங்கிச் செபித்தார். பின் மலாக்கா, மொலுக்காத் தீவுகள் என்று கீழ்த்திசைக்குப் போனார். தோழர்களின் கடிதங்கள் அவருக்குக் கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கிடைத்த கடிதங்களின் அடியில் அவர்கள் தம் கையால் இட்டிருந்த பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்து, தம் வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தோடு சேர்த்து மார்பில் அணிந்துகொண்டார். கோட்டையிலும் பாரிசிலும் இருந்து அவர் சேர்த்து வைத்த சொத்து அவ்வளவுதான்.

1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானில் காலடி வைத்தார். அங்கே கற்றவர்கள் கேட்ட கேள்விகளைச் சமாளிக்க, நன்கு படித்த குருக்களை அனுப்பும்படி ஐரோப்பாவுக்கு எழுதினார். கல்வியை அவர் வெறுத்தவர் அல்லர் என்பதற்கு இதுவே சாட்சி. கந்தை உடுத்தி வந்தவரை யமகுச்சி நகர ஆட்சியாளர் பொருட்படுத்தவில்லை என்று கண்டதும், 1551-இல் பட்டு உடுத்திக் கடிகாரம் முதலிய பரிசுகளோடு மீண்டும் போனார். தம் ஏழைக் கோலத்தின் மேல்கூட அவருக்குப் பற்றில்லை.

சீன நாட்டுக்குள் புக எண்ணி 1552-இல் சாங்சுவான் தீவுவரை சென்றார். உள்ளே அழைத்துப்போக ஒப்புக்கொண்ட வணிகர் வரவே இல்லை. நவம்பர் மாதக் குளிரில், கடற்கரைக் குடிசை ஒன்றில், காய்ச்சல் கண்டு படுத்தார். அருகில் அந்தோனியோ என்ற சீன இளைஞரும் கிறிஸ்தோபர் என்ற இந்திய ஏவலாளரும் இருந்தனர். கோவாவில் படித்த அந்தோனியோ அந்த நாட்களில் நடந்ததைப் பின்னர் எழுதி வைத்தார். காய்ச்சல் ஏறியபோது சவேரியார் உரத்த குரலில், தாம் அறியாத ஏதோ ஒரு மொழியில் பேசினார் என்கிறார். அது அவர் தாயிடம் கற்ற பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்று வரலாறு எழுதியோர் கருதுகின்றனர். டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன், ஒரு சொல்லும் புரியாத அந்த இளைஞர் பக்கத்திலேயே விழித்திருந்து, ஒரு மெழுகுதிரியை ஏற்றி அவர் கையில் பிடிக்கச் செய்தார்.